மெமரி ஃபோம் மெத்தையில் தூக்கம் சரியில்லையா? தொல்லையை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

புது மெத்தை சரியில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது "எப்போது வலிக்கிறது?" என்றுதான். எழுந்தவுடன் வலித்து, குளித்துக் கிளம்பி அரைமணி நேரம் நடமாடியதும் விட்டுவிடுகிறது என்றால் மெத்தை, தலையணை, கட்டில் மூன்றில் ஒன்றின் மேல் சந்தேகப்படலாம். காலையில் ஒன்றுமில்லை, சாயங்காலம்தான் ஏறுகிறது என்றால் நாள் முழுக்க உட்காரும் நாற்காலியைப் பாருங்கள். வலி முழங்காலுக்குக் கீழே இறங்குகிறது, கால் மரக்கிறது, நடு இரவில் வலியே தட்டி எழுப்புகிறது, சிறுநீர், மலம் கழிப்பதில் மாற்றம் தெரிகிறது என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

இரண்டாவது கேள்வி: வாங்கி எத்தனை நாள் ஆகிறது? முதல் வாரத்தில் வரும் தொல்லைகளில் பாதி தானாகப் போய்விடும். ஆறாம் மாதத்தில் தொடங்குகிற தொல்லை தானாகப் போகவே போகாது.

குறைந்த விலை மெமரி ஃபோம் மெத்தை பெரும்பாலும் இரண்டு அடுக்கு. மேலே 3 முதல் 7 செ.மீ. வரை மெமரி ஃபோம், கீழே சாதாரண பாலியூரித்தேன் ஃபோம். உள்ளங்கையை அழுத்தி எடுத்தால் தடம் சில விநாடி நின்று மெல்ல மறைகிறதே, அது மேல் அடுக்கின் வேலை. உடம்பின் எடையைத் தாங்குவது கீழ் அடுக்கு. விலையைக் குறைக்கவேண்டும் என்றால் தயாரிப்பவர்கள் கைவைக்க இரண்டு இடம் உண்டு: மேல் அடுக்கை மெலிசாக்கலாம், கீழ் அடுக்கின் அடர்த்தியைக் குறைக்கலாம். இரண்டுமே துணி உறைக்குள் ஒளிந்துகொள்ளும். கீழே வரும் தொல்லைகளில் பலவும் இந்த இரண்டில் ஒன்றில் போய் முடியும். மற்றவை மெத்தைக்கே சம்பந்தமில்லாதவை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

எதையும் மாற்றும் முன் மூன்று வேலை

முதலாவது, திருப்பி அனுப்பக் கடைசி நாள் எது என்று நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அதற்குப் பத்து நாள் முன்னால் இன்னொரு குறி போடுங்கள். முடிவெடுக்கும் நாள் அந்த இரண்டாவது குறிதான்.

இரண்டாவது, மெத்தையை எடை போடுங்கள். குளியலறை எடைக் கருவியில் மெத்தைச் சுருளைத் தூக்கிக்கொண்டு நின்று, அப்புறம் தனியாக நின்று கழித்தால் போதும். விரித்துவிட்டீர்கள் என்றால் பெட்டியிலோ பில்லிலோ எடை போட்டிருக்கும். அந்த எடையைக் கன அளவால் வகுத்தால் சராசரி அடர்த்தி கிடைக்கும். 190 செ.மீ. நீளம், 150 செ.மீ. அகலம், 15 செ.மீ. தடிமன் உள்ள மெத்தையின் கன அளவு 0.4275 கன மீட்டர். மேலே 5 செ.மீ. மெமரி ஃபோம் கன மீட்டருக்கு 50 கிலோ, கீழே 10 செ.மீ. ஃபோம் 30 கிலோ என்று இருந்தால் ஃபோம் மட்டும் ஏறக்குறைய பதினைந்தரை கிலோ இருக்க வேண்டும். துணி உறைக்கு ஒன்றரை, இரண்டு கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மெத்தை மொத்தமே 11 கிலோ என்றால் விளம்பரத்தில் சொன்ன அடர்த்தி உள்ளே இல்லை. இவ்வளவு எளிய கணக்கை வாங்குகிறவர்கள் யாரும் போடுவதில்லை என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

மூன்றாவது, இரண்டு இரவு தரைச் சோதனை. மெத்தையைக் கட்டிலிலிருந்து இறக்கிச் சமமான தரையில் போட்டுப் படுங்கள். தொல்லை குறைந்தால் குற்றவாளி கட்டில். குறையவில்லை என்றால் கட்டிலை விட்டுவிட்டு மேலே படியுங்கள்.

அப்புறம் ஒரு விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தலையணையையும் விரிப்பையும் கட்டிலையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று கடைசிவரை தெரியாது.

விரித்த பிறகும் முழுதாக உப்பவில்லை

அழுத்திச் சுருட்டி அனுப்பும் மெத்தை முழு உயரத்துக்கு வர 24 முதல் 72 மணி நேரம் ஆகும். அறை குளிராக இருந்தால் இன்னும் மெதுவாக எழும். மூலைகள்தான் கடைசியாக வரும். மூன்று நாள் கழித்தும் ஒரு பக்கம் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் குறைவாகவே நின்றால் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து உடனே எழுதிவிடுங்கள். கிடங்கில் மாதக்கணக்கில் சுருண்டு கிடந்த மெத்தை அப்படி நிற்பதுண்டு.

வாடை போகவில்லை

புது ஃபோமின் வாடை சில நாளிலிருந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் அடங்கிவிடும். வெளிப் பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டு, சன்னலைத் திறந்துவைத்து, மெத்தையைச் சுவரோரம் செங்குத்தாகச் சாய்த்துவைத்தால் இரண்டு பக்கமும் காற்றுப் படும். சீக்கிரம் போகட்டும் என்று வெயிலில் போடாதீர்கள். புற ஊதாக் கதிர் பாலியூரித்தேனை மஞ்சளாக்கி நாளடைவில் பொடியவும் வைக்கும்.

செர்ட்டிபியூர்-யுஎஸ் முத்திரை இருந்தால் ஆவியாகி வெளிவரும் கரிமச் சேர்மங்கள் பத்து லட்சத்தில் 0.5 பங்குக்குள் இருக்கின்றன என்று பொருள். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 தீங்கான பொருள்கள் உண்டா என்று சோதிப்பது. இரண்டும் நல்லவைதான். ஆனால் மெத்தை எத்தனை வருடம் உழைக்கும் என்பதை இரண்டுமே சொல்லாது. விற்பவர்கள் அதைக் கலந்துபேசுவார்கள், நாம் கலக்க வேண்டாம். வாடையால் தலைவலியோ மூச்சுத் திணறலோ வருகிறது என்றால் பொறுத்துப் பார்க்கும் வேலை வேண்டாம், திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பலகை மாதிரி இருக்கிறது

அறையில் எத்தனை டிகிரி என்று பாருங்கள். மெமரி ஃபோம் சூட்டில் இளகும், குளிரில் இறுகும். 15 டிகிரி செல்சியஸ் பக்கம் இறங்கிய அறையில் எந்த மெமரி ஃபோமும் படுத்தவுடன் கட்டையாகத்தான் இருக்கும். உடம்புச் சூடு ஏறிய பத்து, பதினைந்து நிமிடத்தில் இளகினால் மெத்தையில் குறை இல்லை. கடையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்குவது ஏன் வீண் என்பதும் இதிலேயே தெரியும். நீங்கள் தூங்கும் அதே வாக்கில் கால் மணி நேரமாவது படுக்காமல் மெமரி ஃபோமைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

இடையில் ஒரு சங்கதி. பெட்டியின் மேல் "நாசா தொழில்நுட்பம்" என்று போட்டிருப்பார்கள். பொய் இல்லை. 1966-இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காகச் சார்லஸ் யோஸ்ட் உருவாக்கியது இந்த ஃபோம். ஆனால் அது விமான இருக்கையில் அதிர்ச்சியைத் தாங்குவதற்கு. எட்டு மணி நேரம் புரண்டு படுப்பவரை மனதில் வைத்துச் செய்தது இல்லை. நல்ல மெத்தை, மட்டமான மெத்தை இரண்டின் பெட்டியிலும் அதே வாசகம்தான் இருக்கும்.

சரி, அறை கதகதப்பாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கட்டை. அடுத்து மேலே போட்டிருக்கும் பாதுகாப்பு உறையைக் கழற்றிவிட்டு ஓர் இரவு படுங்கள். தடித்த, இழுவையில்லாத நீர்புகா உறை ஃபோமின் மேல் மத்தளத்தோல் மாதிரி இறுகி நிற்கும். உடம்பு உள்ளே அமுங்கவே விடாது. இறுக்கமாக இழுத்துச் செருகிய விரிப்பும் அதே வேலையைச் செய்யும்.

அதுவும் இல்லை என்றால் புதுசின் விறைப்பு. முதல் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் ஃபோம் கொஞ்சம் இளகும். மெத்தை முழுவதும் முழங்காலால் அழுத்தி அழுத்தி நகர்ந்தால் அது சீக்கிரப்படும். இதற்கு மேலும் கட்டையாகவே இருக்கிறது, நீங்களும் 55 கிலோவுக்குள் இருக்கும் மெல்லிய உடம்புக்காரர் என்றால் காரணம் உங்கள் எடை. மேல் அடுக்கை அமுக்கும் அளவுக்குக் கனம் இல்லை. இதே மெத்தையில் 100 கிலோ எடையுள்ளவர் 5 செ.மீ. மெமரி ஃபோமைத் தாண்டிக் கீழ் அடுக்கில் போய் உட்கார்ந்து, "ரொம்ப மெத்தென்று இருக்கிறது, இடுப்பு புதைகிறது" என்று குறை சொல்லுவார். ஒரே மெத்தையைப் பற்றி இருவர் நேர்மாறாக எழுதியிருந்தால் இருவருமே உண்மைதான் சொல்கிறார்கள். எழுதியவரின் எடையும் படுக்கும் வாக்கும் தெரியாத கருத்து உங்களுக்கு உதவாது.

காலையில் இடுப்பு பிடித்துக்கொள்கிறது

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். அதிகம் பேர் தவறாகத் தீர்ப்பதும் இதைத்தான். இடுப்பு வலி என்றதும் "இன்னும் கெட்டியான மெத்தை வாங்கு" என்பார்கள். 2003-இல் தி லான்செட் மருத்துவ இதழில் பிரான்சிஸ்கோ கோவாக்ஸ் குழுவின் ஆய்வு வெளிவந்தது. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேருக்கு, சிலருக்குக் கெட்டி மெத்தையும் சிலருக்கு நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்து 90 நாள் கழித்துப் பார்த்தார்கள். நடுத்தரத்தில் படுத்தவர்களுக்கே வலியும் இயலாமையும் கூடுதலாகக் குறைந்திருந்தன. ஆகவே கெட்டி என்றால் நல்லது என்ற கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் உடம்பு எங்கே அமுங்குகிறது, எங்கே அந்தரத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

மல்லாந்து படுப்பவர் பத்து நிமிடம் படுத்த பிறகு உள்ளங்கையை இடுப்பின் வளைவுக்கு அடியில் நுழைத்துப் பார்க்கலாம். கை தாராளமாகப் போய் வந்து, அதற்கு மேலும் இடம் இருந்தால் மெத்தை உங்களுக்குக் கட்டை. வளைவை அது தொடவே இல்லை. கையை நுழைக்கவே முடியாமல் புட்டம் குழியில் கிடப்பதுபோல் இருந்தால் மெத்தை உங்களுக்கு மிருது. கொஞ்சம் முட்டி மோதிக் கை போகிறது என்றால் சரியாக இருக்கிறது.

ஒருக்களித்துப் படுப்பவர் வீட்டில் யாரையாவது விட்டு முதுகுப் பக்கமிருந்து படம் எடுக்கச் சொல்லுங்கள். சட்டை ஒட்டினாற்போல் இருக்கட்டும். பிடரியிலிருந்து வால் எலும்பு வரை முதுகுத்தண்டின் மேல் நாலைந்து சிறு காகிதத் துண்டு ஒட்டிக்கொண்டால் வளைவு பளிச்சென்று தெரியும். புள்ளிகள் ஏறக்குறைய நேர்க்கோட்டில் வர வேண்டும். நடுவில் தொட்டில் மாதிரித் தொங்கினால் இடுப்பு அதிகம் புதைகிறது. இடுப்புப் பக்கம் மேடு தட்டினால் இடுப்பெலும்பு போதுமான அளவு இறங்கவில்லை.

குப்புறப் படுப்பவர்களுக்கு நான் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன்: மலிவான, மிருதுவான மெமரி ஃபோம் உங்களுக்கு ஆகாது. உடம்பிலேயே கனமான பகுதி இடுப்பு. குப்புறப் படுத்தால் அது இறங்கும், மார்பும் காலும் மேலே நிற்கும், கீழ்முதுகு இரவு முழுவதும் பின்னோக்கி வளைந்தே கிடக்கும். மெல்லிய மெமரி ஃபோம் அடுக்கும் கெட்டியான அடித்தளமும் உள்ள மெத்தை இருந்தால் சமாளிக்கலாம். இருக்கும் மெத்தையிலேயே ஓட்ட வேண்டும் என்றால், அடிவயிற்றின் கீழ் ஒரு தட்டையான தலையணையை வைத்து, தலைக்கு மிக மெல்லியதை வையுங்கள், அல்லது தலையணையே வேண்டாம்.

இடுப்பு புதைகிறதா என்று உறுதிசெய்யச் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. ஒரு போர்வையை நான்காக மடித்து, மெத்தைக்கு அடியில், இடுப்பு வரும் இடத்தில் குறுக்காக வையுங்கள். இரண்டு இரவில் வலி குறைந்தால் புதைவதுதான் காரணம். இது கண்டுபிடிக்கும் வழிதான், மருந்தாக நம்பி மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். கட்டிலின் சட்டங்கள் வளைந்தோ தள்ளித் தள்ளியோ இருந்தால் மேலே ஒரு பிளைவுட் பலகை போட்டால் தீரும். தரைச் சோதனையிலும் புதைந்தது என்றால் கீழ் அடுக்கு பலவீனம். அது திருப்பி அனுப்ப வேண்டிய மெத்தை.

புது மெத்தையின் முதல் ஒன்றிரண்டு வாரத்தில் லேசான முதுகுப் பிடிப்பு வருவது சகஜம்தான். பல வருடம் குழிவிழுந்த மெத்தையில் படுத்துப் பழகிய உடம்பு நேராகப் படுக்கக் கொஞ்ச நாள் கேட்கும். நாளுக்கு நாள் குறைகிறதா என்று மட்டும் கவனியுங்கள். எழுந்தவுடன் வலிக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் போட்டு எழுதிவைத்தால் மூன்று வாரத்தில் போக்குத் தெரிந்துவிடும். நினைவை நம்பாதீர்கள். நேற்று இரவு எப்படியோ அப்படித்தான் மாதம் முழுக்க இருந்ததாக அது சொல்லும்.

தோள் மரக்கிறது, கழுத்து திரும்ப மாட்டேன் என்கிறது

ஒருக்களித்துப் படுப்பவர்களின் முறையீடு இது. உடம்பின் அகலமான இடம் தோள். அது இறங்க இடமில்லை என்றால் மொத்தப் பாரமும் தோள்மூட்டிலும் இடுப்பெலும்பின் பக்கவாட்டிலும் விழும், கை மரத்துப்போகும். மேல் அடுக்கு மெலிசாக இருக்கும் மலிவு மெத்தைகளின் இயல்பான குறை. சோதனை: ஒரு தடித்த ரஜாயையோ கம்பளியையோ இரண்டாக மடித்து மெத்தையின் மேல் விரித்து அதன் மேல் விரிப்பைப் போட்டு இரண்டு இரவு படுங்கள். மரப்பு நின்றுபோனால் 5 செ.மீ. டாப்பர், அதாவது மெத்தையின் மேல் விரிக்கும் மெல்லிய தனி அடுக்கு ஒன்று போட்டால் தீரும். வேறு மெத்தை தேட வேண்டியதில்லை.

கழுத்து விஷயத்தில் மெத்தையின் மேல் பழி போடும் முன் தலையணையை மாற்றிப் பாருங்கள். பழைய கட்டை மெத்தையில் தோள் இறங்காது, அதனால் உயரமான தலையணை பொருந்தியிருக்கும். மெமரி ஃபோமில் தோள் 3, 4 செ.மீ. இறங்கிவிடும். அதே தலையணை இப்போது தலையை மேல்நோக்கி ஒடிக்கும். மெத்தை மாறினால் தலையணை உயரமும் மாற வேண்டும் என்பதைப் பெட்டியில் யாரும் எழுதுவதில்லை. நானே இதைத் தெரிந்துகொள்ள மூன்று மாதம் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு திரிந்தேன். கடைசியில் ஒரு விருந்தாளி வந்து என் தலையணையை எடுத்துக்கொள்ள, வேறு வழியில்லாமல் மெலிசான ஒன்றில் படுத்த மறுநாள் கழுத்து லேசாக இருந்தது.

இரவில் வேர்க்கிறது

மெமரி ஃபோம் உடம்பை அணைத்துக்கொள்ளும், அதுவே தொல்லையும். தோலின் பெரும்பகுதி ஃபோமை ஒட்டியிருப்பதால் நடுவில் காற்று போக வழியில்லை. ஃபோமும் வெப்பத்தை எளிதில் கடத்தாது. சூட்டில் ஃபோம் இளகும், இளகினால் இன்னும் புதைவீர்கள், புதைந்தால் இன்னும் சூடு. இரவு ஒரு மணிக்கு எழுப்பிவிடும் சுழற்சி இதுதான்.

"கூலிங் ஜெல்" கலந்தது என்று வாங்கியவர்கள் முதல் கால் மணி நேரம் சந்தோஷமாக இருப்பார்கள். ஜெல் வெப்பத்தை இழுத்துக்கொள்வது உண்மை. அதுவும் உடம்புச் சூட்டுக்கு வந்துவிட்டால் அப்புறம் இழுக்க இடமில்லை. ஜெல்லுக்காகக் கூடுதல் விலை கொடுப்பதைவிட அதே பணத்தில் கொஞ்சம் அடர்த்தியான கீழ் அடுக்கு வாங்குவேன் நான்.

சரிசெய்ய மேலிருந்து கீழே வாருங்கள். பிளாஸ்டிக் மாதிரிச் சரசரக்கும் பாதுகாப்பு உறை இருந்தால் அதுதான் முதல் எதிரி. மெல்லிய படலம் ஒட்டிய பருத்தி உறைக்கு மாறுங்கள். பாலியெஸ்டர் விரிப்பை எடுத்துவிட்டு இறுக்கமில்லாத நெசவுள்ள பருத்தி விரிப்பைப் போடுங்கள். மெத்தையை முழுப் பலகை மேல் வைத்திருந்தால் சட்டக் கட்டிலிலோ துளையிட்ட பலகையிலோ வைத்துப் பாருங்கள். மின்விசிறிக் காற்று மெத்தையின் பக்கவாட்டில் படும்படி இருந்தாலும் வித்தியாசம் தெரியும். இத்தனையும் செய்து ஒரு வாரம் ஆகியும் முதுகு நனைகிறது, நீங்களும் இயல்பிலேயே உடம்புச் சூடு அதிகம் உள்ளவர், அறையும் சூடானது என்றால் மெமரி ஃபோமோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். லேடெக்ஸோ ஸ்பிரிங்கோ உங்களுக்கு ஏற்றது.

புரள முடியவில்லை, எழ முடியவில்லை

சேற்றில் கிடப்பது போல இருக்கிறது என்பார்கள். நகர்ந்த இடத்தில் ஃபோம் எழுவதற்குள் நீங்கள் பழைய குழியின் சுவரில் ஏற வேண்டியிருக்கிறது. இளம் உடம்புக்கு இது தெரியாது. மூட்டு வலி உள்ளவர்கள், வயதானவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள் ஒவ்வொரு முறை புரளும்போதும் விழித்துக்கொள்வார்கள். தடித்த மெமரி ஃபோம் அடுக்கு ஆடம்பரம் என்று நினைத்து வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். இவர்களுக்கு 3, 4 செ.மீ.க்கு மேல் வேண்டாம்.

விளிம்பில் உட்கார்ந்தால் சறுக்குகிறதா? மலிவு ஃபோம் மெத்தையில் விளிம்பு பலவீனமாகத்தான் இருக்கும், அதைச் சரிசெய்ய வழி இல்லை. கட்டிலின் சட்டம் மெத்தையைச் சுற்றி இரண்டு விரற்கடை உயர்ந்து பிடித்திருந்தால் கொஞ்சம் உதவும். கைப்பிடி தேவைப்படும் முதியவருக்கு என்றால் விளிம்பு அமுங்கும் மெத்தை ஆபத்து. விழுந்துவிடுவார்கள்.

ஒருவருக்குச் சரி, ஒருவருக்குச் சரியில்லை

இருவர் படுக்கும் மெத்தையில் அசைவு கடத்தாமல் இருப்பது மெமரி ஃபோமின் உண்மையான பலம். ஒருவர் எழுந்து போனால் அடுத்தவர் அறியமாட்டார். எடை வித்தியாசம் 30 கிலோவுக்கு மேல் போனால்தான் சிக்கல் வரும். கனமானவர் பக்கம் சரிந்து, இலேசானவர் இரவெல்லாம் அந்தப் பக்கம் உருளாமல் இருக்கத் தன்னையறியாமல் தசையை இறுக்கிக்கொண்டே தூங்குவார். காலையில் அவருக்குத்தான் வலிக்கும். மெத்தை கனமானவருக்கு ஏற்றதாக இருக்கட்டும். இலேசானவர் பக்கம் மட்டும் ஒற்றை டாப்பர் போடலாம். மிருதுவான மெத்தையைக் கெட்டியாக்கவே முடியாது. கெட்டியானதை மிருதுவாக்கலாம்.

நடுவில் குழி விழுந்துவிட்டது

முதலில் நிஜக் குழியா என்று பாருங்கள். விரிப்பை எடுத்துவிட்டு, யாரும் படுக்காமல் நாலைந்து மணி நேரம் விட்டு, ஒரு கயிற்றைப் பக்கத்துக்குப் பக்கம் விறைப்பாக இழுத்துப் பிடித்து, ஆழமான இடத்தில் அளவுகோலை நிறுத்துங்கள். ஒரு சென்டிமீட்டர் என்றால் பழகிய தடம், கவலை வேண்டாம். 2.5 செ.மீ.க்கு மேல் என்றால் சிதைவு தொடங்கிவிட்டது. வாரண்டிகள் பெரும்பாலும் 2.5 முதல் 4 செ.மீ. வரை ஏதாவது ஒரு அளவைத் தாண்டினால்தான் ஏற்கும். அதையும் மேலே யாரும் படுக்காத நிலையில்தான் அளப்பார்கள். வாரண்டித் தாளில் "பத்து வருடம்" என்ற பெரிய எழுத்தைவிட இந்தச் சிறிய எழுத்து முக்கியம். நீங்கள் படுத்தால் 6 செ.மீ. புதைந்து, எழுந்தால் சமமாகிவிடும் மெத்தை அந்தத் தாளின்படி நல்ல மெத்தை.

அடுத்து கட்டில். மெத்தையைத் தூக்கிப் பாருங்கள். சட்டங்களுக்கு நடுவே 7, 8 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் ஃபோம் அதில் பிதுங்கி இறங்கும். அகலமான கட்டிலில் நடுவே ஒரு தாங்கு சட்டமும் அதற்கு ஒரு காலும் இல்லை என்றால் இருவர் எடையில் நடு வளையும். வாரண்டி கேட்கப்போனால் முதல் கேள்வி கட்டிலைப் பற்றித்தான் வரும். படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

கட்டில் சரி, குழியும் உண்மை என்றால் அடர்த்திக்கு வருவோம். அடர்த்தியையும் கெட்டித்தன்மையையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். கெட்டித்தன்மை இன்று எப்படி இருக்கிறது என்பது. அடர்த்தி மூன்று வருடம் கழித்தும் அப்படியே இருக்குமா என்பது. அடர்த்தி குறைந்த ஃபோமைக் கூடக் கெட்டியாகச் செய்யலாம், கடையில் நன்றாகத்தான் இருக்கும். மெமரி ஃபோமில் கன மீட்டருக்கு 50 கிலோவுக்குக் கீழே மலிவு ரகம், 60-இலிருந்து 70 வரை நடுத்தரம், 80-ஐத் தொட்டால் நீண்ட நாள் உழைக்கும். கீழ் அடுக்குக்கு 28, 30 கிலோவாவது வேண்டும். எடை 90, 100 கிலோவைத் தாண்டியவர்கள் அதற்கும் மேலே பார்க்க வேண்டும், மொத்தத் தடிமனும் 20 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். அடர்த்தியை எழுத்தில் சொல்ல மறுக்கும் விற்பனையாளரிடம் நான் வாங்கமாட்டேன். "மீடியம் ஃபர்ம்" என்பது அளவே இல்லை, ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு பொருள்.

குழியைத் தள்ளிப்போட, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாட்டுக்குத் திருப்பிப் போடுங்கள். மேல்கீழாகப் புரட்டாதீர்கள். மெமரி ஃபோம் ஒரு பக்கம்தான் இருக்கிறது. குழிவிழுந்த மெத்தை மேல் டாப்பர் போட்டால் டாப்பரும் அதே குழியில் படுத்துக்கொள்ளும்.

அடியில் கறுப்புப் புள்ளி, உடம்பில் அரிப்பு

கறுப்புப் புள்ளி பூஞ்சணம். வியர்வையின் ஈரம் ஃபோம் வழியே இறங்கி, குளிர்ந்த தரையிலோ காற்றுப் புகாத பலகையிலோ போய் நின்றால் வரும். தரையில் மெத்தை போடுபவர்கள் வாரம் ஒருமுறையாவது நிமிர்த்திவைத்துக் காற்றாட விட வேண்டும். தரைச் சோதனையை இரண்டு இரவோடு நிறுத்தச் சொன்னதும் இதனால்தான். ஃபோமுக்குள் பூஞ்சணம் இறங்கிவிட்டால் கழுவி மீட்க முடியாது. தண்ணீர் ஊற்றினால் உலர நாள்கணக்கில் ஆகி இன்னும் கெடும்.

அரிப்பு என்றால் ஒரு எச்சரிக்கை. சில மலிவு மெத்தைகளில் தீப்பிடிக்காமல் இருக்க வெளி உறைக்குள் கண்ணாடி இழை உறை ஒன்று இருக்கும். வெளி உறையில் ஜிப் இருந்தாலும், "கழற்றாதீர்கள்" என்று சீட்டில் போட்டிருந்தால் கழற்றாதீர்கள். துவைக்கலாம் என்று திறந்தவர்களின் வீடெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இழை பறந்து துணி, சோபா என்று எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கிறது. தோல் அரிக்கும், கண்ணும் தொண்டையும் எரியும். ஏற்கெனவே திறந்துவிட்டால் மின்விசிறியை நிறுத்தி, மூடி, மெத்தையை முழுதாகப் பிளாஸ்டிக்கில் சுற்றிவிடுங்கள்.

கைக்குழந்தையை மெமரி ஃபோமில் படுக்கவைக்கவே கூடாது. முகம் புதைந்தால் திரும்பிக்கொள்ளத் தெரியாது. குழந்தைக்குத் தட்டையான, கெட்டியான தனிப் படுக்கைதான்.

வைத்துக்கொள்வதா, அனுப்புவதா

நாட்காட்டியின் இரண்டாவது குறி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கட்டை, தோள் மரப்பு, கழுத்து, வாடை: இவற்றில் எது மிச்சமிருந்தாலும் உறை, தலையணை, டாப்பர், இன்னும் கொஞ்ச நாள் என்று ஏதாவது ஒன்று மிச்சமிருக்கிறது. இடுப்பு புதைவது, ஒரு மாதத்துக்குள் 2 செ.மீ. குழி, எடைக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு குறைவு: இவற்றுக்கு ஒட்டுப்போடும் வழி கிடையாது. ஒரே நாளில் எழுதி அனுப்பிவிடுங்கள். மறுபடி சுருட்டிப் பெட்டியில் அடைக்க முயன்று மல்லாட வேண்டாம். வீட்டில் அது முடியாது. பெரும்பாலும் விரித்த நிலையிலேயே எடுத்துப்போவார்கள். ஆனால் உறையில் ஒரு கறை தெரிந்தாலும் ஏற்க மறுப்பவர்கள் உண்டு. அதனால் சோதித்துப் பார்க்கும் காலம் முழுக்க, கட்டையா என்று பார்க்க உறையைக் கழற்றிய அந்த ஓர் இரவிலும்கூட, அடியில் பழைய விரிப்பு ஒன்றையாவது போட்டே படுங்கள்.